பால் பாக்கியை எழுதி வைத்து யாருக்கு என்ன லாபம்?

ஜனவரி 3 (கேள்வி)

"புது வருடம் பிறந்தால் போதும், ஆளாளுக்கு டைரியும் கையுமாக அலைகிறார்கள். தலைவர்கள் எழுதினால் சரி, நாளைக்கு யாராவது படிப்பார்கள். சாதாரண ஆள், 'காலையில் எழுந்தேன், பால் பாக்கி 340 கொடுத்தேன், மத்தியானம் வெண்டைக்காய்க் குழம்பு' என்று எழுதி வைத்து யாருக்கு என்ன லாபம்? கேட்டால், அதில் ஒரு சுகம் இருக்கிறது என்கிறார்கள். எனக்கு இது தற்பெருமையின் சில்லறைப் பதிப்பாகத்தான் தெரிகிறது. எழுதுகிறவர்கள் இருந்தால் பதில் சொல்லுங்கள்."

ஜனவரி 3, இரவு

நான் எழுதுகிறவன் இல்லை, எழுதியவரின் மகன். பதில் சொல்லும் தகுதி பாதிதான் உண்டு.

எனக்குத் தெரிந்தவரை காரணம் ஞாபகம். மறந்துவிடும் என்ற பயத்தில் எழுதுகிறார்கள். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 25 வருடம் எழுதினார். காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வந்தது, போனது எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். அவர் எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் காலத்துப் புதுச்சேரியை நாம் பிரெஞ்சுக்காரர்களின் காகிதங்களை வைத்துத்தான் பார்த்திருப்போம். அவ்வளவுதான் விஷயம்.

ஜனவரி 4

திருத்தம். 25 என்று எழுதியது தப்பு. பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பரில் தொடங்குகிறது. அவர் இறந்தது 1761 ஜனவரி 12, ஆங்கிலேயரிடம் ஊர் விழுவதற்கு நான்கு நாள் முன்னால். கணக்குப் பார்த்தால் 24 வருடம், 4 மாதம். அதுவும் நடுவில் சில காலம் விட்டுப் போயிருக்கிறது.

24 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜனவரி 4, சாயங்காலம்

"பிள்ளை சாதாரண ஆளா? பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்சின் தலைமை துபாஷ் (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்), கப்பல் வியாபாரி, பல்லக்கில் போனவர். உதாரணம் செல்லாது" என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். சரியான பிடிதான். அவர் வீடு இன்றைக்கும் புதுச்சேரியில் அவர் பெயர் கொண்ட தெருவிலேயே நிற்கிறது. தூணைப் பார்த்தாலே தெரியும், நம்மை மாதிரி ஆள் இல்லை என்று.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்குறிப்பில் கவர்னரையும் நவாபையும் கடந்து போனால் வேறொரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். யார் எத்தனை பீரங்கி மரியாதை பெற்றார், யார் தனக்கு முன்னால் உள்ளே கூப்பிடப்பட்டார், துப்ளேக்சின் பெண்டாட்டி இன்றைக்கு எதில் மூக்கை நுழைத்தாள். இந்த முணுமுணுப்பெல்லாம் வரலாற்றுக்காக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. பகல் முழுக்க ஐந்தாறு மொழிக்காரர்களிடம் அளந்து அளந்து பேசிய மனிதர். யாரிடமும் சொல்ல முடியாததைக் காகிதத்திடம் சொல்லியிருக்கிறார்.

லண்டன் சாமுவேல் பீப்சும் இப்படித்தான். கடற்படை அலுவலகத்து அதிகாரி. 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை எழுதினார். 1666இல் லண்டன் பற்றி எரிந்தபோது ராஜாவிடம் ஓடிப்போய்ச் சேதி சொன்னதையும் எழுதுகிறார், தன் பார்மசான் பாலாடைக்கட்டியைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்ததையும் எழுதுகிறார். ராஜா சமாசாரம் எப்படியும் வேறு எங்காவது பதிவாகியிருக்கும். பாலாடைக்கட்டியை அவர் எழுதினால்தான் உண்டு.

ஜனவரி 6

அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் டைரி எல்லாம் கிடையாது. காலண்டர் உண்டு, தினம் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர். ஆணியில் ஒரு நூல், நூலின் நுனியில் பேனா இல்லாத வெறும் ரீஃபில். காலையில் எழுந்து கோலம் போட்டு, காபி குடித்து, நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் நேற்று நடந்ததை எழுதுவார். இரண்டு வரி, மிஞ்சினால் நான்கு. எழுதி முடித்ததும் சைக்கிள் ஸ்போக்கை வளைத்து அப்பா செய்து கொடுத்த கம்பியில் குத்திவிடுவார், கடையில் பில் குத்துவது போல. டிசம்பர் 31 குத்தி முடித்ததும் கம்பியோடு கழற்றி, நூல் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார்.

காலண்டர் வாங்குவதில் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பின்பக்கம் பொன்மொழி, சமையல் குறிப்பு, பாட்டி வைத்தியம் என்று அச்சடித்தது வந்தால் முகம் சுண்டிவிடும். மளிகைக்கடையில் கொடுத்ததை நகைக்கடையில் கொடுத்ததோடு திருப்பித் திருப்பிப் பார்த்து, வெள்ளையாக இருப்பதைத்தான் ஆணியில் மாட்டுவார். மற்றது அடுப்படிக்குப் போகும். நாங்கள் அதை அம்மாவின் கிறுக்குகளில் ஒன்றாக வைத்திருந்தோம்.

அம்மா 2021இல் போய்விட்டார். பரணில் இருந்தது 1996 முதல் 2020 வரை. நடுவில் 2009 மட்டும் இல்லை. எண்ணினால் 24 கட்டு. பிள்ளைக்கும் 24, எங்கள் அம்மாவுக்கும் 24. முந்தாநாள் சிரித்தது இதற்குத்தான்.

ஜனவரி 6, இரவு

என்ன எழுதியிருந்தார் என்று கேட்கிறீர்கள். கையில் இருக்கும் 2003 கட்டிலிருந்து:

"சிலிண்டர் மாத்தியது."

"வாழை குலை தள்ளியது."

"தக்காளி விலை கேட்டேன். வாங்கவில்லை."

"எதிர்வீட்டம்மா வந்தது. இரண்டு மணி நேரம். தலைவலி."

"கனவில் அவர். சாப்பிட்டுவிட்டுப் போனார்."

கடைசியில் 'அவர்' என்பது என் அப்பா. 2001இல் இறந்தவர்.

ஜனவரி 7

முதல் நாள் "ஞாபகத்துக்காக" என்று சொன்னேன் அல்லவா, அதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஞாபகத்துக்கு என்றால் திருப்பிப் பார்க்க வேண்டும். அம்மா கட்டிய கட்டை அவிழ்த்து நான் பார்த்ததே இல்லை. கம்பியில் குத்திய தாளில் நடுவில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் மேலே இருப்பது முழுவதையும் உருவ வேண்டும். பார்க்க நினைக்கிறவர் இப்படியா வைப்பார்?

சிலிண்டர் தேதி, பால் கணக்கு சரி, அதற்கு உபயோகம் உண்டு. வாழை குலை தள்ளியதற்கு என்ன உபயோகம்? கொல்லைக்குப் போனால் குலை கண்ணெதிரே தொங்கும்.

ஜனவரி 9

என் தொழிலைச் சொன்னால்தான் அடுத்தது புரியும். நான் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தொழிலே எழுதுவதுதான் என்று சொல்லலாம். மணிக்கு ஒரு தடவை லாக் ஷீட் நிரப்ப வேண்டும்: பஸ் வோல்டேஜ், ஒவ்வொரு ஃபீடரிலும் (ஊர்களுக்குப் பிரிந்து போகும் லைன்) எத்தனை ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் ஆயில் சூடு, வைண்டிங் சூடு, டேப் எந்த எண்ணில் நிற்கிறது. ஃபீடர் டிரிப் ஆனால் நேரம், எந்த ரிலே, திரும்ப எப்போது சார்ஜ் செய்தோம். லைன் ஆட்களுக்கு எல்.சி. (கரண்டை நிறுத்தியாயிற்று, லைனில் வேலை செய்யலாம் என்ற அனுமதி) கொடுத்த நேரம், திரும்ப வாங்கிய நேரம். ஷிப்டு முடிந்தால் கையெழுத்து. 30 வருடத்துக்கு மேல் இப்படி எழுதியிருக்கிறேன். பக்கக் கணக்கில் அம்மா என் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் ஒரு நாள்கூட எழுதி முடித்து "அப்பாடா" என்று இருந்ததில்லை. ராத்திரி 3 மணி ரீடிங் எடுக்கும்போது கண் தானாக மூடும். எழுதாவிட்டால் மெமோ, அதனால் எழுதினேன்.

அம்மாவின் தாள் ஒன்றில் இப்படி இருக்கிறது: "கரண்ட் போச்சு. மாவு பாதி அரைத்தது. பெரியவன் டூட்டி."

பெரியவன் நான். அன்றைக்கு என் லாக்கில் என்ன இருந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். "ஃபீடர் டிரிப், எர்த் ஃபால்ட்," நேரம், சார்ஜ் செய்த நேரம். இரண்டும் ஒரே சம்பவம்தான். எங்கோ ஒரு மரக்கிளை கம்பியில் உரசியதில் அங்கே ரிலே விழுந்தது, இங்கே கிரைண்டர் நின்றது. இரண்டில் எது முக்கியம் என்று என்னை யாரும் கேட்கவில்லை. படிவத்தில் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள், நான் கட்டத்தை நிரப்பினேன். அம்மாவுக்குக் கட்டம் போட்டுக் கொடுக்க ஆள் இல்லை. மாவு பாதியில் நின்றதுதான் அன்றைய சேதி என்று அம்மாவே முடிவு பண்ணியிருக்கிறார்.

கேள்வி கேட்டவருக்கு என் இரண்டாவது பதில் இது. நாள் முழுக்க அடுத்தவர் முடிவு பண்ணியதைச் செய்கிறோம். எத்தனை மணிக்குச் சோறு, யாருக்கு எப்போது காபி, எந்தப் பேப்பரில் கையெழுத்து. ஒரு காலண்டர் தாள் அளவுக்காவது, இன்றைக்கு நடந்ததில் எது கணக்கில் ஏறும் என்பதை நாமே சொல்வதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்யும். இதைத் தற்பெருமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி 9, பத்து நிமிடம் கழித்து

"பெரியவன் டூட்டி" என்பதில் குற்றச்சாட்டு இருக்கிறதா என்று தங்கை கேட்கிறாள். இருக்கிறது. நான் டூட்டியில் இருந்தபோது கரண்ட் போனால் அம்மா என்னைத்தான் கேட்பார், ஏதோ நான் வேண்டுமென்று அணைத்தது போல.

ஜனவரி 11

இலவச டைரி பற்றி ஒருவர் ஆரம்பித்து வைத்தார், நானும் சேர்ந்துகொள்கிறேன். உரக்கடை டைரி, இன்ஷூரன்ஸ் டைரி எல்லாவற்றுக்கும் ஒரே ஜாதகம்தான். ஜனவரி 1 அன்று பிள்ளையார் சுழி போட்டு முத்து முத்தாகக் கையெழுத்து. பொங்கலுக்குள் வரி குறையும். பிப்ரவரியில் பால் கணக்கு. மார்ச்சுக்குப் பிறகு குழந்தைகள் கப்பல் செய்யக் கிழித்த பக்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம் மட்டும் கொடுக்கிறார்களே, அதைக் கண்டுபிடித்த ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் எத்தனை நடக்கும் என்று தெரியவில்லை.

அம்மா 24 வருடம் தாக்குப் பிடித்ததற்குக் காரணம் தாள் சின்னது என்பதுதான் என்று நினைக்கிறேன். முழுப் பக்கம் வெள்ளையாக இருந்தால் பயமாக இருக்கும். உள்ளங்கை அளவுத் தாள் என்றால் நிரப்பிவிடலாம் என்று தைரியம் வரும்.

ஜனவரி 13

சாதாரண ஆள்தான் வேண்டும் என்றால் இத்தாலிக்குப் போக வேண்டும். பியேவே சாந்தோ ஸ்தேஃபானோ என்று டஸ்கனியில் ஒரு சின்ன ஊர். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடி வைத்து ஊரையே தரைமட்டமாக்கியது. 1984இல் சவேரியோ துத்தினோ என்ற பத்திரிகையாளர் அங்கே ஒரு காப்பகம் தொடங்கினார். பெயர் பெற்றவர்களின் காகிதத்துக்கு இல்லை. யாருடைய டைரியாக இருந்தாலும், கடிதமாக இருந்தாலும், கொண்டுவந்து கொடுங்கள் என்றார். சொந்தத் தெருக்களை இழந்த ஊரில் ஊர் பேர் தெரியாதவர்களின் நாட்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

அங்கே இருப்பதில் இரண்டைச் சொல்கிறேன்.

வின்சென்சோ ரபித்தோ, சிசிலிக்காரர், சாலை போடும் தொழிலாளி, 1899இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தானாகவே எழுத்துக் கூட்டிக் கற்றவர். 1968 முதல் 1975 வரை பழைய டைப்ரைட்டர் ஒன்றில் தன் கதையை அடித்தார். 1,027 பக்கம். ஓரம் விடவில்லை, வரிக்கும் வரிக்கும் இடைவெளி இல்லை. நிறுத்தக்குறி எங்கே போடுவது என்று தெரியாததால் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஓர் அரைப்புள்ளி. 1,027 பக்கமும் அப்படித்தான். அவர் இறந்த பிறகு 2007இல் அது புத்தகமாகவும் வந்தது.

இன்னொருவர் கிளேலியா மார்க்கி, விவசாயக் கூலிப் பெண். 1972இல் கணவர் கார் மோதி இறந்துவிட்டார். ராத்திரி தூக்கம் வராமல் எழுத ஆரம்பித்தார். காகிதம் தீர்ந்துபோனது. கல்யாணச் சீர் துணியிலிருந்து இரட்டைக் கட்டில் விரிப்பை எடுத்து, அதன் மேல் வரி வரியாக எழுதினார். இனி அந்த விரிப்பு கணவரோடு சேர்ந்து படுக்க உதவாது, எழுதவாவது உதவட்டும் என்ற எண்ணம். முழு விரிப்பையும் நிரப்பி, 1986இல் அந்தக் காப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்று கண்ணாடிக்குள் தொங்குகிறது.

இதைப் படித்த அன்று, பின்பக்கம் வெள்ளைத் தாளுக்காக அம்மா கடை கடையாகப் பார்த்தது ஏனோ நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

ஜனவரி 14

பொங்கல். இன்றைக்கு ஒன்றும் எழுதுவதாக இல்லை. ஆனால் 1998 பொங்கல் தாளில் அம்மா: "பால் கிழக்கே பொங்கியது." அதற்குக் கீழே, வேறு மையில், பிறகு சேர்த்தது போல: "நான்தான் பானையைச் சாய்த்து வைத்தேன்."

ஜனவரி 17

"ருசி" என்று நான் எழுதியதில் ஒருவருக்கு வருத்தம். கணவர் செத்து விரிப்பில் எழுதிய பெண்ணுக்கு அது சுகமா என்று கேட்டார். நியாயம். சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் எப்போதும் சுகம் இல்லை.

ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார், 1986இல் வெளியானது. 46 கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார். சிலருக்குச் சும்மா ஒரு தலைப்பு, சிலருக்கு வாழ்க்கையில் அடிபட்ட சம்பவம். சம்பவத்தையும் அதில் பட்ட மனக்கஷ்டத்தையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே இன்னும் வாடிப்போனார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் மருத்துவமனைப் பக்கம் போனது குறைந்திருந்தது. எழுதினால் உடனே பாரம் இறங்கும் என்று சொல்கிறவர்கள் இந்த முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 1937இல் 'மாஸ் அப்சர்வேஷன்' என்று ஓர் ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார்கள். மன்னருக்கு முடிசூட்டிய மே 12 அன்று, மன்னரை விட்டுவிட்டு, அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஜனங்களை எழுதச் சொன்னார்கள். யுத்தம் வந்ததும் டைரி அனுப்பச் சொன்னார்கள். நெல்லா லாஸ்ட் என்று பாரோ துறைமுக நகரத்து இல்லத்தரசி, அப்போது வயது 49. யுத்தம் 1945இல் முடிந்துவிட்டது. அந்த அம்மாள் 1966 வரை எழுதினார். எழுத வைத்த யுத்தம் ஓய்ந்த பிறகும் இருபது வருடம்! தொடங்கி வைத்த காரணமும் தொடரும் காரணமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஜனவரி 20

தானே புயல் கட்டை அவிழ்க்கத் தைரியம் இல்லாமல் இருந்தேன். இன்று அவிழ்த்தேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. எங்கள் பக்கம் பலாவையும் முந்திரியையும் வாரிச் சுருட்டிப் போட்டது. பேரன் காலத்துக்கு என்று தாத்தா வைத்த மரமெல்லாம் வேரோடு சாய்ந்தன. கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. நான் 29 சாயங்காலம் டூட்டிக்குப் போனவன். எங்கள் ஸ்டேஷனுக்கு வரும் லைனே போய்விட்டது. பொறுப்பு ஒப்படைக்க அடுத்த ஷிப்டு ஆள் வர வழியில்லை. சாலை முழுக்க மரம். பிஸ்கட்டும் வரட்டீயுமாக அங்கேயே கிடந்தோம். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. அப்புறம் வெளியூர்களிலிருந்து கம்பமும் ஆட்களும் வந்து, ஒவ்வொரு ஃபீடராக எழுப்பியது பெரிய கதை.

அம்மாவின் 2011 கட்டில் டிசம்பர் 29 தாள்: "காத்து. பெரியவன் போனான்."

30ஆம் தேதி, 31ஆம் தேதித் தாள்கள் நனைந்து, காய்ந்து, அப்பளமாக விறைத்து இருக்கின்றன. ஓடு பறந்து சுவர் நனைந்தது எனக்குத் தெரியும். முப்பதில்: "பலா மூன்றும் விழுந்தது. பசு இருக்கு." முப்பத்தொன்றில்: "ஆள் வரவில்லை. 2 நாள்."

புதுக் காலண்டர் மாட்ட ஆணி இல்லை போலிருக்கிறது. 2012 கட்டின் முதல் தாள்கள் கசங்கி இருக்கின்றன. "3 நாள்." "4 நாள். பக்கத்து ஊர்ப் பையன் பார்த்தானாம்." "5 நாள். வந்தான். குளிக்கவில்லை. 6 இட்லி."

கரண்ட் இல்லாத நாளைத்தான் எண்ணுகிறார் என்று நினைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது அதற்கும் எத்தனையோ நாள் கழித்து. கரண்ட் வந்த தாளில் கரண்ட் என்ற வார்த்தையே இல்லை, "கன்று போட்டது" என்று இருக்கிறது. அன்று நானே ஃபீடரைச் சார்ஜ் செய்து, ஊரே கை தட்டியது. அம்மாவுக்கு அன்றைய சேதி கன்று.

ஜனவரி 21

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "வரட்டீ" என்று எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால் கடுங்காப்பி. ஸ்டேஷனில் டீத்தூள் இல்லை. அம்மா இருந்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

ஜனவரி 24

தங்கைக்கு நான் இதையெல்லாம் வெளியே எழுதுவதில் சம்மதம் இல்லை. அம்மா குத்தி வைத்தது குத்தினபடி இருக்கட்டும், அவிழ்க்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பீப்ஸ் சுருக்கெழுத்தில் எழுதினார், கூடவே தன் நூலகத்தை அப்படியே கல்லூரிக்கு எழுதி வைத்தார், டைரியும் அதில் சேர்த்தி. நூறு வருடத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. பிறகு ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவர் மூன்று வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உடைத்தார். அந்தச் சுருக்கெழுத்துக்கான பாடப்புத்தகம் அதே நூலகத்தில்தான் இருந்தது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. படிக்க வேண்டும் என்றும், படிக்கக் கூடாது என்றும் ஒரே மனிதர் ஒரே நேரத்தில் நினைத்திருக்கிறார்.

ஹாலந்தில் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் தனக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். 1944 மார்ச்சில், யுத்தம் முடிந்ததும் டைரிகளைச் சேகரிப்போம் என்று லண்டனிலிருந்து டச்சு அமைச்சர் வானொலியில் பேசியதைக் கேட்டாள். சில வாரத்தில் பழைய பக்கங்களை எடுத்து மாற்றி எழுத ஆரம்பித்துவிட்டாள். எட்டிப் பார்க்க ஓர் ஆள் உண்டு என்று தெரிந்ததும் பேனா நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

அம்மாவின் பேனா நிமிரவே இல்லை. பானையைச் சாய்த்து வைத்ததைப் படிக்க ஆள் உண்டு என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். தங்கை சொல்வது அந்த அளவில் சரி. இனி நான் எடுத்துப் போடுவது என்னைப் பற்றி இருப்பதை மட்டும். கனவு பற்றிய தாளைப் போட்டது தப்புதான்.

ஜனவரி 27

கேள்வி கேட்டவர் திரும்ப வந்தார். "உங்கள் அம்மா எழுதியது உங்களுக்குச் சுவாரசியம். ஆனால் எழுதும்போது அவருக்கு அது தெரியாதே?" என்கிறார்.

ஹார்வர்டில் டிங் ஜாங் என்பவரும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத்தான் பிடிக்கிறது. கோடை விடுமுறை ஆரம்பத்தில் மாணவர்களிடம் அன்றாடச் சங்கதிகளை எழுதி வாங்கி வைத்தார்கள்: கடைசியாக யாரோடு என்ன பேசினீர்கள், எந்தப் பாட்டு கேட்டீர்கள். மூன்று மாதம் கழித்து இதைப் படிக்க எவ்வளவு ஆசைப்படுவீர்கள் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றார்கள். மூன்று மாதம் கழித்துக் கையில் கொடுத்தபோது, நினைத்ததைவிட ஆவலாகப் படித்தார்கள். அதுவும் விசேஷ நாளைவிடச் சாதாரண நாளின் மதிப்பைத்தான் ஜனங்கள் அதிகமாகத் தப்புக் கணக்குப் போடுகிறார்களாம். விசேஷ நாள் எப்படியும் நினைவில் நிற்கும், போட்டோ இருக்கும். செவ்வாய்க்கிழமைக்கு யார் போட்டோ எடுக்கிறார்கள்?

ஆனால் இது படிப்பதன் சுகம். உங்கள் கேள்வி எழுதுவதன் சுகம். அம்மா படிக்கவே இல்லையே. நான் மறுபடியும் ஜனவரி 9க்கே வந்து நிற்கிறேன்.

பிப்ரவரி 2

எல்லாரும் கேட்டதால் நானும் ஒரு வாரம் முயன்றேன். அதே மாதிரி காலண்டர், பின்பக்கம் வெள்ளை. மாதிரிக்கு ஒன்று:

"06.10 எழுந்தது. 06.25 காபி. 07.40 தண்ணீர் மோட்டார் ஆன். 08.05 ஆஃப். டேங்க் நார்மல்."

மனைவி படித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டு அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைத்துவிடுங்கள்" என்றாள்.

பிப்ரவரி 5

"மோட்டார் ஆன். தென்னையில் கீச்சான் கூடு."

டேங்க் பற்றி எழுதவில்லை. வழிந்துவிட்டது.

பிப்ரவரி 11

2009 கட்டு கிடைத்துவிட்டது. தங்கை வீட்டில், அவள் பிரசவத்துக்குப் பிறகு அம்மா போய் இருந்த காலத்தில், அரிசி டிரம்முக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில். இத்தனை நாள் என்னோடு சண்டை போட்டவள் அவளாகவே எடுத்து வந்து திண்ணையில் வைத்தாள். கம்பியைக் காணோம். தாள்கள் கலைந்து கிடந்தன. முன்பக்கம் தேதி இருப்பதால் அடுக்குவது சுலபம். நான் மாதம் பிரித்தேன், அவள் தேதி வைத்தாள். படிக்கக் கூடாது என்று பேச்சு. அவள்தான் முதலில் படித்தாள், குழந்தை முதல் பல் முளைத்த தாளை.

25 கட்டு ஆகிவிட்டது. பிள்ளையைத் தாண்டியாயிற்று.

361 தாள் இருக்கிறது, நான்கு இல்லை. அதில் ஒன்று தீபாவளி. அன்றைக்கு எழுத நேரம் இருந்திருக்காது என்கிறேன் நான். அதிரசத்துக்குக் கீழே எண்ணெய் இழுக்க விரித்திருப்பார் என்கிறாள் தங்கை.